அரை நிமிடப் பக்குவம்



குர்ஆனை அதன் முறைப்படி ஓதக் கற்றுக்கொடுக்கும் உஸ்தாதுக்கு மாணவனின் நாவைப் போலவே அவனுடைய பற்களும் முக்கியமானவை. எழுத்துகள் பிறக்கும் இடங்களை விவரிக்கும் தஜ்வீத் கிதாபுகள் பற்களுக்கும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தியுள்ளன. மேலும் கீழும் நடுவில் நிற்கும் நான்கும் ‘ஸனாயா’. அவற்றை அடுத்த நான்கும் ‘ரபாஇயாத்’. கோரைப் பற்கள் நான்கும் ‘அன்யாப்’. எஞ்சியவை ‘அழ்ராஸ்’. ஸா, தால், ளா என்னும் மூன்று எழுத்துகளும் நுனிநாக்கு மேல் ஸனாயாவின் விளிம்பைத் தொடும்போது பிறக்கின்றன. ஃபா என்னும் எழுத்தோ அதே விளிம்பு கீழுதட்டின் உட்புறத்தில் படும்போது பிறக்கிறது. அந்த விளிம்பு உடைந்துபோனால்?

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவில் அதுதான் நிகழ்ந்தது. பதினொரு வயது மாணவன் ஒருவன், உளூச் செய்யப் போன இடத்தில் ஹவுளின் பாசி படிந்த படியில் வழுக்கி விழுந்தான். மேல் முன்பல் ஒன்றில் மூன்றிலொரு பங்கு சாய்வாக உடைந்துவிட்டது. அழகாக ஓதக்கூடிய பிள்ளை அவன். மறுநாளிலிருந்து ‘ஸா’ வரும் இடமெல்லாம் காற்று வழிதவறிப் போயிற்று. முன்வரிசையில் அமர்ந்திருந்தவன் கடைசி வரிசைக்குப் போனான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினான்.

அவனுடைய அத்தா பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். பல்லின் நிறத்திலேயே ஒரு பொருளை வைத்து உடைந்த பகுதியை நிறைத்துவிட்டார்கள். பிள்ளையின் முகம் மலர்ந்தது. ஆனால், பதினொன்றாம் நாள் முறுக்கைக் கடித்தபோது அந்த அடைப்பு அப்படியே கழன்று கையில் வந்துவிட்டது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. “ஆசிடு வச்சுப் பல்லைக் கரைச்சிருக்காங்க ஹஜ்ரத். கரைஞ்ச பல்லுல எப்படி நிக்கும்?” என்று கேட்டார் அவனுடைய நன்னி. “பத்து நாள் நிக்காததுக்கு இன்னொரு தடவை எதுக்குச் செலவு? பெரியவனான பிறகு பார்த்துக்கலாம் ஹஜ்ரத்” என்றார் அத்தா. பிள்ளையோ ஆண்டு விழாவில் தன்னைக் கிராஅத் ஓத அழைக்க வேண்டாம் என்று தனியே வந்து கெஞ்சினான்.

மருத்துவம் பயிலாதவன் நான். ஆயினும் அந்தப் பிள்ளைக்காகப் பல் மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், கிடைத்த நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டவற்றை இந்த மாதம் உங்கள் முன் வைக்கிறேன். பல் அடைப்பு நிலைப்பதும் கழல்வதும் பெரும்பாலும் அடைக்கும் பொருளின் விலையைப் பொறுத்தவை அல்ல. அடைப்பதற்கு முன் பல்லின் மேற்பரப்பைப் பக்குவப்படுத்தும் அந்த அரை நிமிடமே அதைத் தீர்மானிக்கிறது. அந்த அரை நிமிடத்தில் மருத்துவருக்குப் பங்கு இருப்பதுபோல் நமக்கும் பங்கு உண்டு.

எனாமல் என்னும் கவசம்

நம் கண்ணுக்குத் தெரியும் பல்லின் வெண்மையான மேலோடுதான் எனாமல். நம் உடலில் அல்லாஹ் படைத்துள்ள பொருள்களிலேயே மிகக் கடினமானது இது. எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருள். மீதம் நீரும் சிறிதளவு உயிர்ப்பொருளும். எலும்பு முறிந்தால் கூடிவிடுகிறது. தோல் கிழிந்தால் வளர்ந்துவிடுகிறது. எனாமலோ ஒருமுறை உடைந்தால் மீண்டும் வளர்வதில்லை. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைத்து வெளிவரும்போதே மறைந்துவிடுகின்றன.

நுண்ணோக்கியில் பார்த்தால் எனாமல் ஒரே பாளமாக இருப்பதில்லை. விறகுக் கட்டில் குச்சிகள் நெருக்கி அடுக்கியிருப்பது போல, மிக நுண்ணிய தண்டுகள் இலட்சக்கணக்கில் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொரு தண்டின் தடிமனும் ஏறத்தாழ 5 மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறே ஒரு மைக்ரான்.

இத்தகைய எனாமலின் மேற்பரப்பு வழவழப்பானது. உமிழ்நீரிலுள்ள புரதங்கள் அதன் மேல் எப்போதும் மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். மருத்துவர் கருவியால் கடைந்தால் அந்தத் தூளும் ஒரு படலமாக அப்பிக்கொள்ளும். இதன் மீது எந்தப் பசையைத் தடவினாலும் அது பல்லில் ஒட்டாது, படலத்தின் மீதுதான் ஒட்டும். படலம் பெயரும்போது பசையும் பெயர்ந்துவிடும்.

ஈயம் பூசுபவரிடம் ஒரு பாடம்

முன்பெல்லாம் நம் வீட்டு நிக்காஹ்வுக்குப் பிரியாணித் தேக்சாக்களை இறக்கினால், முதலில் ஈயம் பூசுபவரை அழைப்போம். அவர் வந்ததும் ஈயத்தை எடுத்துவிட மாட்டார். மணலிட்டுத் தேய்ப்பார், கழுவுவார், நெருப்பில் காய்ச்சுவார், நவச்சாரத்தைத் தூவித் துடைப்பார். பாத்திரத்தின் அழுக்கும் களிம்பும் அகன்று உலோகம் பளிச்செனத் தெரிந்த பிறகுதான் ஈயத்தைத் தொடுவார். பூசும் நேரமோ சொற்பம். துலக்கிப் பக்குவப்படுத்தும் நேரமே அதிகம். அந்தப் பக்குவத்தில் குறை வைத்தால் ஈயம் திட்டுத் திட்டாக உரிந்து போகும்.

பல் மருத்துவத்தில் இந்தப் பாடத்தைப் புகுத்தியவர் மைக்கேல் புவோனோகோர் என்னும் ஆய்வாளர். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலிருந்த ஈஸ்ட்மன் பல் மருத்துவ நிலையத்தில் பணியாற்றியவர். உலோகத்தின் மீது வண்ணம் நன்றாகப் பிடிப்பதற்காகத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலத்தால் அதை முதலில் பக்குவப்படுத்தும் வழக்கம் இருந்தது. பல்லுக்கும் அவ்வாறே செய்தால் என்ன என்று அவர் எண்ணினார். எனாமலில் 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலத்தை 30 விநாடிகள் இட்டு, கழுவி, உலர்த்தி, அதன்மேல் அக்ரிலிக் பிசினை ஒட்டிச் சோதித்தார். பக்குவப்படுத்தாத பல்லில் சில மணி நேரமே நின்ற பிசின், பக்குவப்படுத்திய பல்லில் சராசரியாக ஆயிரம் மணி நேரத்தையும் கடந்து நின்றது. 1955இல் இதை வெளியிட்டார். 1962இல் ராஃபேல் போவன் என்பவர் காப்புரிமை பெற்ற வலுவான புதிய பிசின், இன்று நாம் காணும் பல் நிற அடைப்புகளுக்கு அடித்தளமாயிற்று. பக்குவமும் பிசினும் சேர்ந்தபோது பல் மருத்துவத்தின் போக்கே மாறியது.

அதற்கு முன் வழக்கிலிருந்த பாதரசக் கலவை அடைப்பு பல்லோடு தானாக ஒட்டாது. அது விழாமலிருக்க, வாய் குறுகி உள்ளே அகன்ற குடுவை போலப் பல்லைக் குடைய வேண்டியிருந்தது. சொத்தை சிறிதாக இருந்தாலும் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டியாக வேண்டும். ஒட்டும் முறை வந்த பிறகு கெட்டதை மட்டும் நீக்கி, நல்லதை அப்படியே காக்க முடிகிறது. உடைந்த முன்பல்லில் குடுவை அமைக்க ஏது இடம்? ஆகவே இந்த மாணவனுக்கு ஒட்டும் முறையைவிட ஏற்ற வழி வேறில்லை.

அந்த அரை நிமிடம்

மருத்துவர் செய்வது இதுதான். உடைந்த விளிம்பை முதலில் சற்றே சரிவாகத் தேய்க்கிறார். இதனால் எனாமல் தண்டுகளின் நுனிகள் வெளிப்படும், ஒட்டும் பரப்பும் கூடும். பின்னர் நீல நிறக் களிம்பு போன்ற அமிலத்தை இடுகிறார். இன்று பெரும்பாலும் பயன்படுவது 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலமே. முன்னர் ஒரு நிமிடம் வரை வைத்ததை இப்போது 15 முதல் 30 விநாடிகளாகக் குறைத்துவிட்டார்கள். அமிலம் கூடினால் பிடிப்பும் கூடும் என்பதில்லை. செறிவு 50 விழுக்காட்டைத் தாண்டினால் கரைந்த சுண்ணாம்புச் சத்து உப்பாகப் படிந்து, அரிப்பு ஆழமாகச் செல்வதைத் தடுத்துவிடுகிறது. மார்க்கம் எதிலும் நமக்குக் கற்றுத்தரும் நடுநிலை இங்கும் பொருந்துகிறது!

பின்னர் நீரைப் பீய்ச்சி அமிலத்தை முழுவதும் கழுவி, காற்றால் உலர்த்துகிறார். அப்போது பளபளத்த எனாமல் சுண்ணாம்புபோல் மங்கிய வெண்மையாகத் தோன்றும். அந்த வெண்மையே பக்குவம் வந்ததன் அடையாளம். தண்டுகள் சீரற்றுக் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் உண்டாகியிருக்கும். அவற்றின் ஆழம் 5 முதல் 50 மைக்ரான் வரை. நீர்போன்ற மெல்லிய ஒட்டுப் பிசினைத் தடவியதும் அது அத்துளைகளுக்குள் இறங்குகிறது. நீல ஒளியைக் காட்டியதும் உள்ளேயே இறுகி, மரத்தின் வேர் மண்ணைப் பற்றுவதுபோல் எனாமலைப் பற்றிக்கொள்கிறது. அதன்மேல் பல் நிறப் பொருளை மெல்லிய அடுக்குகளாக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் ஒளியால் இறுக்குகிறார்கள்.

எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் என்னும் பகுதிக்கு இலக்கணம் வேறு. அதில் ஈரமும் புரத இழைகளும் உண்டு. அளவுக்கு மீறி உலர்த்தினால் அந்த இழைகள் சரிந்து பிசினுக்கு வழிவிடா. அங்கே பிசின் எவ்வாறு பிடிக்கிறது என்பதை 1982இல் ஜப்பானிய அறிஞர் நகபயாஷி விளக்கினார். அமிலத் தன்மையைத் தம்முள்ளேயே கொண்ட புதிய ஒட்டுப் பிசின்களும் இப்போது வந்துள்ளன. அவற்றைப் பயன்படுத்தும்போதும் எனாமல் விளிம்புக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலத்தைத் தனியே இடும் மருத்துவர்கள் பலர்.

அடைப்பு ஏன் கழன்றது?

அந்த மாணவனிடமே கேட்டேன். “அந்த மருந்து புளிச்சுது ஹஜ்ரத். வாயை மூடிட்டேன். நாக்காலயும் தடவிப் பார்த்தேன்” என்றான். வெளியே பலர் காத்திருந்தனராம். மருத்துவர் பஞ்சால் துடைத்துவிட்டு மேலே வேலையைத் தொடர்ந்திருக்கிறார். “மஃரிபுக்கு நேரமாச்சுன்னு நானும்தான் அவசரப்படுத்தினேன்” என்று அத்தாவும் ஒப்புக்கொண்டார்.

நான் விசாரித்த மருத்துவர் இதைக் கேட்டதும் தலையசைத்தார். அமிலத்தால் திறந்த துளைகளில் உமிழ்நீர் பட்டால், சில விநாடிகளிலேயே அதன் புரதம் அவற்றை அடைத்துவிடும். பஞ்சால் துடைப்பதாலோ காற்றை ஊதுவதாலோ அது போகாது. மீண்டும் கழுவி, மீண்டும் சிறிது நேரம் அமிலமிட்டு, மீண்டும் உலர்த்தியாக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல எனக்கு உளூவின் நினைவே வந்தது. உளூ முறிந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தொழுகையில் நின்றுவிட முடியுமா? முதலிலிருந்து மீண்டும் உளூச் செய்யத்தானே வேண்டும்!

அமிலத்துக்கு அஞ்ச வேண்டுமா?

நன்னியின் அச்சம் இயல்பானது. ஆனால் அளவைப் பாருங்கள். இந்தப் பக்குவத்தில் மேற்பரப்பிலிருந்து கரைந்து போவது ஏறத்தாழ 10 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனில் அது சிறு பங்கே. கடைவாய்ப் பல்லின் முகடுகளில் எனாமல் 2 மில்லிமீட்டருக்கும் மேல் தடித்திருக்கிறது. அரிக்கப்பட்டும் பிசின் படாமல் விடுபட்ட இடத்தை, உமிழ்நீரிலுள்ள தாதுக்கள் நாளடைவில் சீராக்கிவிடுகின்றன.

மருத்துவர் அரை நிமிடம் வைத்துக் கழுவிவிடும் அமிலத்துக்கு அஞ்சுகிறோம். அதே பாஸ்பாரிக் அமிலம் கலந்த கோலா பானங்களை விருந்திலும் பெருநாளிலும் பிள்ளைகளுக்கு நாமே வாங்கிக் கொடுக்கிறோம். இனிப்பைத் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் உறங்கும் பிள்ளையின் வாயில், கிருமிகள் இரவெல்லாம் அமிலத்தைச் சுரக்கின்றன. அஞ்ச வேண்டியது இவற்றுக்கன்றோ!

குளிப்பு நிறைவேறுமா?

நன்னிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. “நாளைக்குப் பெரியவனாகிக் குளிப்புக் கடமையானா, பல்லுல தண்ணி படாம அடைச்சு வச்சிருக்கே, குளிப்பு நிறைவேறுமா ஹஜ்ரத்?” என்றார். மார்க்கப் பேணுதலிலிருந்து பிறந்த கேள்வி இது. அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக! ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு. ஷாஃபிஈ மத்ஹபில் அது சுன்னத். இரண்டின்படியும் இவருடைய கவலைக்கு இடமில்லை. கழற்ற முடியாதபடி பல்லோடு ஒன்றிப்போன அடைப்பு பல்லின் சட்டத்தையே பெறும், அதன் மேற்பரப்பில் நீர் பட்டால் போதும் என்று உலமாக்கள் விளக்கியுள்ளனர். குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) அவர்கள் வெள்ளி மூக்குப் பொருத்தி, அது துர்வாடை தந்தபோது, தங்கத்தால் அமைத்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக ஹதீஸ் வந்துள்ளது. ஆடும் பற்களை உலோகத்தால் கட்டுவது பற்றிய சட்டங்களை இமாம்கள் இதையொட்டியே ஆய்ந்தனர். கொர்தோவாவின் மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பற்களைத் தங்கக் கம்பியால் கட்டும் முறையைத் தம் நூலில் எழுதிவைத்தார். பல்லைக் காப்பது நம் முன்னோர் அறியாத புதுமையன்று.

ஒட்டுப் பிசின் சிலவற்றில் கரைப்பானாக ஆல்கஹால் சேர்ந்திருப்பதை அறிந்து தயங்குவோரும் உண்டு. பிசினைத் தடவியதும் காற்றை ஊதி அதை ஆவியாக்கிவிடுகிறார்கள். மருத்துவத் தேவைக்கான இத்தகைய பயன்பாட்டை அனுமதித்த ஆலிம்களும் உள்ளனர். ஐயமுள்ளவர்கள் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

வீட்டார் கவனத்துக்கு

ஒன்று: விழுந்து பல் உடைந்தால், உடைந்த துண்டைத் தேடி எடுங்கள். உலர விடாமல் பாலிலோ தண்ணீரிலோ இட்டு மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். துண்டு சரியாகப் பொருந்தினால் இதே முறையில் அதையே ஒட்டிவிட முடியும். அந்த மாணவனின் பல்துண்டு ஹவுளோடு போய்விட்டது. எங்களுக்கு அப்போது இது தெரியாது.

இரண்டு: பல் வலிக்குக் கிராம்புத் தைலம் வைப்பது நம் வீட்டு வழக்கம். அதிலுள்ள யூஜினால் என்னும் பொருள் பிசின் இறுகுவதற்கு இடையூறு செய்யக்கூடியது. தைலம் வைத்திருந்தால் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

மூன்று: பல்லை வெளுக்க வைக்கும் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரண்டு வாரமாவது கழித்து அடைப்பை வைத்துக்கொள்வது நல்லது. வெளுத்த உடனே ஒட்டினால் பிடிப்புக் குறையும்.

நான்கு: மூக்கால் மூச்சு விடவும், வாயை மூடாமலிருக்கவும், நாக்கை அசைக்காமலிருக்கவும் பிள்ளையை வீட்டிலேயே பழக்குங்கள். புளிப்பாக இருக்கும் என்பதையும் முன்பே சொல்லிவையுங்கள். ஏதேனும் சொல்ல வேண்டுமானால் கையை உயர்த்தினால் போதும். தவறி நாக்குப் பட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

ஐந்து: உமிழ்நீர் படாமலிருக்கப் பல்லைச் சுற்றி மெல்லிய ரப்பர் விரிப்பை மாட்டும் முறை உண்டு. அதைச் செய்ய இயலுமா என்று மருத்துவரிடம் பணிவோடு கேளுங்கள். தொழுகைக்கு முந்திய நெருக்கடி நேரத்தில் போகாதீர்கள். அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

ஆறு: ரமலானில் பகலில் இதைச் செய்துகொண்டால், பீய்ச்சும் நீர் தொண்டைக்குள் இறங்கி நோன்பு முறியக்கூடும். அவசரமில்லையெனில் நோன்பு திறந்த பிறகோ ரமலானுக்குப் பின்னரோ வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவனை இரண்டாம் முறை வேறொரு மருத்துவரிடம் அழைத்துச் சென்றபோது நானும் உடனிருந்தேன். லுஹருக்குப் பின், கூட்டமில்லாத வேளை. ரப்பர் விரிப்பை மாட்டி, பழைய பிசினின் மிச்சத்தை நீக்கி, புதிதாக அமிலமிட்டுக் கழுவி உலர்த்திய பிறகு, “பாருங்கள்” என்று அந்தச் சுண்ணாம்பு வெண்மையை எனக்குக் காட்டினார் மருத்துவர். பிள்ளை நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அசையாமலிருந்தான். இன்றோடு ஓராண்டு கடந்துவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அடைப்பு அப்படியே நிற்கிறது. முறுக்கை மட்டும் முன்பல்லால் கடிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். ஆண்டு விழாவில் அவன்தான் கிராஅத் ஓதினான். நான் மேடையின் ஓரத்தில் நின்று ஒவ்வொரு ‘ஸா’வையும் காது கொடுத்துக் கேட்டேன்.

அல்லாஹ் அமானிதமாகத் தந்த உறுப்புகளில் பல்லும் ஒன்று. மிஸ்வாக்கை அத்தனை வலியுறுத்திய நபியின் உம்மத்தாகிய நாம், பல் கெடாமல் காப்பதில் முந்திக்கொள்வோம். கெட்டால், உடைந்தால், அச்சத்தாலும் அவசரத்தாலும் அதை இழந்துவிடாதிருப்போம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் நாவையும் பற்களையும் தன் வேதத்தை ஓதுவதற்காக நலமுடன் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.